கொம்புப் பச்சை அடித்த ரேஸ் சைக்கிள்

வெங்கம்பாக்கத்தில் ஜோதிலட்சுமியின் சைக்கிளைத் தெரியாத ஆள் கிடையாது. மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பச்சையில் உலகத்திலேயே ஒரே ஒரு சைக்கிள்தான் இருக்கும், அது அவளுடையது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த வாரம், புதுப்பட்டினத்துக் காயலான் கடையில் எடைக்குக் கிடந்ததை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்த ஹேண்டில்பார். கட்டைவிரல் தடிமனில் டயர். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. ஒரு பெல்லுக்குக்கூட வக்கில்லாமல் எவன் இதைச் செய்தானோ என்று தெருவே சிரித்தது.

அவள் புருஷன் வெங்கடேசனும் சிரித்தான். சிரித்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். அவன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். கருங்குழிக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் செங்கல், சிமென்ட், கல்யாண வீட்டுச் சேர் என்று எதைச் சொன்னாலும் ஏற்றிக்கொண்டு போவான். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், கூடவே ஒட்டியிருந்த ஸ்டிக்கரெல்லாம் உதிர்ந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மீந்திருந்த பச்சை எனாமலை எடுத்து இரண்டு கோட்டிங் பூசினான். உழைக்கிற ஜீவனுக்கு வருஷத்துக்கு ஒரு பூச்சு வேண்டாமா என்பது அவன் கட்சி. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி நாலைந்து இன்றைக்கும் அந்தப் பெயின்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜோதிலட்சுமிக்கு நாற்பத்து நாலு வயது. கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறாள். போல்ட், நட்டு, பைப், வால்வு என்று ரேக் ரேக்காக அடுக்கி வைத்து, யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது வேலை. ஒரு நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் மட்டும் மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற வெர்னியர் அளவுகோலை எடுப்பாள். அது அவள் செங்கல்பட்டில் சொந்தமாக வாங்கியது. கம்பெனி வெர்னியரை அவள் நம்புவதில்லை, நாலு பேர் கை பட்டதாம்.

தினமும் வேலைக்கு அந்தப் பச்சைச் சைக்கிளில்தான் போய் வந்தாள். முதலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பேஜாருக்காகத்தான் ஓட்டினாள், அது உண்மை. ஆனால் ஓட்ட ஓட்ட அந்தச் சனியன் அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரு மிதி மிதித்தால் மூன்று மிதி தூரம் போகிற சைக்கிள் அது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே எழுந்து, மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிவிடுவாள். மகாபலிபுரம் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவாள். வழியில் இரண்டு மூன்று மீன் மார்க்கெட்டைத் தாண்டி அவ்வளவு தூரம் எதற்கு மீனுக்குப் போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. காற்று முகத்தில் அடிக்கிறபோது சிரிப்பு வருகிறது, அதற்காகத்தான் போகிறேன் என்று கட்டின புருஷனிடம் எந்த மனுஷி சொல்லுவாள்?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில்தான் ஆதித்யா வந்து சேர்ந்தான். சென்னைப் பையன், முப்பது வயதிருக்கும். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டின உடுப்பு. மகாபலிபுரத்தில் பழைய சைக்கிள்களை வைத்து ஒரு காட்சிக்கூடம் திறக்கப்போகிறவன். சுவரில் சாய்த்திருந்த பச்சைச் சைக்கிளைப் பார்த்தவன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் மண்டியிட்டான். குழாய்களைத் தட்டினான், மூட்டுகளைத் தடவினான், படுத்துக்கொண்டு அடியில் பார்த்தான்.

“அக்கா, இது உங்களுதா? இது இந்த ஊர் சைக்கிளே இல்ல. இங்கிலாந்துல செஞ்ச ரேஸ் சைக்கிள். ஐம்பது வருஷம் இருக்கும். கல்பாக்கம் அணுமின் நிலையத்து சயின்டிஸ்ட் யாராவது படிக்கப் போன இடத்துலேர்ந்து கொண்டுவந்து, குவார்ட்டர்ஸ காலி பண்றப்ப விட்டுட்டுப் போயிருக்கணும்.”

“காயலான் கடையில கெடந்திச்சு தம்பி. எனக்கு இன்னா தெரியும்.”

“இதுல ரெண்டு மாடல் உண்டு. வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணு ரேஸ் டீமுக்குன்னு செஞ்சது, அது தங்கம். இன்னொண்ணு கடையில சும்மா வாங்கறவங்களுக்கு. ஸ்டிக்கர் இருந்தா இப்பவே சொல்லிடுவேன். எவனோ மாட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ட அடிச்சு வச்சிருக்கான்.”

“எங்க வூட்டுக்காருதான்” என்றாள் ஜோதிலட்சுமி.

“நல்ல கலர்க்கா” என்றான் ஆதித்யா. பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அடியில் ஏதோ நம்பர் வெட்டியிருக்கிறது, பெயின்டுக்கடியில் மங்கலாகத் தெரிகிறது, அதைப் படம் எடுத்து வெளிநாட்டில் விவரம் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி நாலைந்து படம் எடுத்துக்கொண்டான். போன் நம்பர் கேட்டான். அவள் யோசிக்காமல் வெங்கடேசன் நம்பரைச் சொன்னாள். ரேஷன் கடையில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், இருபது வருஷமாக அவள் வாயிலிருந்து வருவது அந்த நம்பர்தான். தன் கையிலும் ஒரு போன் இருக்கிறது என்று அப்போது ஞாபகம் வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

மறுநாள் சாயங்காலம் வெங்கடேசன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். முகமெல்லாம் பல்.

“ஜோதி, உன் கஷ்டம் தீந்துச்சு. அந்தப் பையன் போன் பண்ணான். சைக்கிளு ஒசத்தி மாடல்னு தெரிஞ்சா அத்த எடுத்துக்கினு புது ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கித் தரானாம். நான் சரின்னு வாக்கு குடுத்துட்டேன்.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “என்னைய ஒரு வார்த்த கேக்கலயே மாமா” என்றாள்.

“உன்னைய இன்னா கேக்கறது? எம்மா நாளா மனசுல வச்சிக்கினு கீறேன் தெரியுமா? பொண்டாட்டிய வெயில்ல சைக்கிள் மிதிக்க விட்டுட்டு இவன் வண்டியில போறான்னு என் காதுபடவே பேசறானுங்க. ஸ்கூட்டர் வந்தா நீ மகாராணி மாதிரி போவ.”

குடித்துவிட்டு அடிக்கிற புருஷனாக இருந்தால் எதிர்த்துக் கத்தலாம். பாசத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவனை என்ன செய்வது? எனக்கு அந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அரிசியை உலையில் போட்டாள். பிள்ளையைக் காலேஜில் விட்டிருக்கிற பொம்பளைக்குச் சைக்கிள் ஆசையாம், கேட்பவர்கள் எதால் சிரிப்பார்கள் என்று அவளே தன்னை அடக்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே நினைப்புதான். சைக்கிள் மட்டமான மாடலாக இருந்துவிட்டால் போதும், அவளிடமே தங்கிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுத் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போனாள். நகை வேண்டும், நிலம் வேண்டும், நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று ஊரே வரிசையில் நின்று வேண்டிக்கொண்டிருக்க, இவள் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகா, என் சைக்கிள் ஒன்றுக்கும் உதவாத சைக்கிளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். முருகன் எத்தனையோ வேண்டுதலைக் கேட்டிருப்பான், இது அவனுக்கே புதுசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆதித்யா வீட்டுக்கே வந்துவிட்டான். வெங்கடேசன் அன்றைக்கு வாடகைக்குப் போகாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்தவர்களை வரவேற்பது மாதிரி வாசலிலேயே நின்றான். சைக்கிளைக் கழுவித் துடைத்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தான்.

“அண்ணா, ஸ்வீட் எடுங்க” என்றான் ஆதித்யா வந்ததும் வராததுமாக. “இங்கிலாந்துல ஒருத்தர் பார்த்துட்டு ஆடிப்போயிட்டார். அடியில இருக்கிற நம்பர் எந்தப் புஸ்தகத்திலயும் இல்லையாம். சாதாரண மாடலுக்கு வெறும் எண்ணுதான் வருமாம். இதுல முன்னாடி ரெண்டு எழுத்து இருக்கு. டீமுக்காகத் தனியா செஞ்ச ரொம்ப அபூர்வமான சைக்கிளா இருக்கணும்னு சொல்றார். V, J, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒன்பது.”

வெங்கடேசன் கை இரண்டையும் கூப்பி மேலே பார்த்தான். அந்த நம்பரை வெட்டச் சொன்னதே ஜோதிலட்சுமிதான்.

நடந்தது இதுதான். சைக்கிளுக்குப் பச்சை அடிப்பதற்கு முந்தின நாள் அவள் அதைத் திருக்கழுக்குன்றம் பஜாருக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே பாத்திரக்கடை வாசலில் எல்லப்பன் என்று ஒருவர் சின்ன உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு குடத்துக்கும் தட்டுக்கும் பேர் வெட்டுவார். வீட்டுக்கு எந்தப் பாத்திரம் வந்தாலும் பேரும் தேதியும் வெட்டாமல் அவள் அடுப்பில் ஏற்றமாட்டாள். கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் நூறு சைக்கிளுக்கு நடுவே நிற்கப்போகிற இதற்கு மட்டும் பேர் வேண்டாமா? வெங்கடேசனின் V, ஜோதிலட்சுமியின் J, வாங்கின தேதி இருபத்தொன்று ஒன்று பத்தொன்பது. எல்லப்பன் சைக்கிளைத் தலைகீழாக்கிப் பார்த்தார். ஏற்கெனவே யாரோ ஒரு நம்பர் வெட்டியிருந்தார்கள். அடுத்தவன் பேர் போட்ட பாத்திரத்தை யாராவது வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று அரத்தை எடுத்து அதை வழவழவென்று ராவிவிட்டு, சுத்தமான இடத்தில் இவள் பேரை வெட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அவளுக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. மறுநாளே பச்சைக்கடியில் மறைந்துபோனதால் பிறகு அவளே அதை மறந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சைக்கிள் போய்விடும். அதுவும் பொய்ப் பேரோடு போகும். இதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று, “தம்பி, அது எங்க பேரு” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆதித்யாவின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

“பழைய நம்பர அரத்தாலயா எடுத்தாரு?”

“ஒரு கோடு கூட மிச்சம் வெக்கல தம்பி. எல்லப்பன் வேலையில குத்தம் சொல்ல முடியாது.”

ஆதித்யா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். இங்கிலாந்துக்காரர் ஒரு வாரமாகத் தூங்காமல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கு இப்போது என்னவென்று எழுதுவது என்று தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தான், சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான். வெங்கடேசனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “ஏன்டி, குண்டானும் சைக்கிளும் ஒண்ணாடி உனக்கு” என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். ஜோதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உள்ளுக்குள் அவளுக்கு என்னவோ ஊற்று பீறிட்ட மாதிரி சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

“நம்பர் போனா போகுதுண்ணா” என்று எழுந்தான் ஆதித்யா. “நான் விக்கறதுக்குக் கேக்கல, காட்சிக்கு வைக்கத்தான் கேக்கறேன். மாடல் எதுன்னு நிச்சயமா தெரிஞ்சா போதும். அதுக்கு வேற வழி இருக்கு. டீம் சைக்கிளோட பைப்பு ரொம்ப மெல்லிசு. வெளியளவு ஒண்ணுதான், ஆனா பைப்போட சுவர் மெல்லிசா இருக்கறதால உள்ஓட்டை பெருசா இருக்கும். அதனால சீட்டத் தாங்குற கம்பியும் தடிமனா இருக்கும். இருபத்தேழு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர். சாதாரண மாடல்னா இருபத்தாறு சொச்சம். ஆனா ஒரு மில்லிமீட்டர்கூட வராத வித்தியாசத்தை இங்க எதை வச்சு அளக்கறது?”

வெங்கடேசன் முகம் மறுபடி மலர்ந்தது. “எதை வச்சா? எங்க வூட்ல வெர்னியர் கீது தம்பி. கல்பாக்கம் பூரா இவ அளந்தா அப்பீல் கெடையாது. ஜோதி, எடுத்துக்கினு வா.”

அவள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். வெங்கடேசன் சீட்டின் போல்ட்டைத் தளர்த்தி, ஆட்டி ஆட்டிக் கம்பியை உருவிக்கொடுத்தான். அவள் அதைத் துணியால் துடைத்தாள். ஒரு பொடி துரு இருந்தாலும் அளவு மாறிவிடும். வெர்னியரின் தாடையை விரித்து, கம்பியை நடுவில் வைத்து மெதுவாக நெருக்கினாள். கண்ணருகே கொண்டுபோனாள். அந்தக் கோடுகளைப் படிக்க அந்த வாசலில் அவளைத் தவிர ஆளில்லை. வெங்கடேசனுக்குப் படிக்க வராது, ஆதித்யா எட்ட நின்றான், வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. அவள் சொல்வதுதான் அளவு.

மெயின் ஸ்கேல் இருபத்தேழைத் தாண்டி நின்றது. கீழே பத்தாவது கோடு மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கோட்டுக்குப் புள்ளி பூஜ்யம் ரெண்டு, ஆக மொத்தம் இருபத்தேழு புள்ளி ரெண்டு. எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். கம்பியைத் திருப்பி வைத்து அளந்தாள். பைப்பின் உள்வாயையும் அளந்தாள். திருப்போரூருக்குப் போய்வந்த பஸ் சார்ஜ் வீண்.

இருபத்தாறு புள்ளி நாலு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையன் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். புருஷன் ஒரு வாரம் முணுமுணுப்பான், அப்புறம் மறந்துவிடுவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாலையில் இருப்பாள். அந்த வார்த்தை அவள் வாயில் உருண்டது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்றது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பைப்புக்குக்கூட அவள் அளவை மாற்றிச் சொன்னதில்லை. அதைவிட, தங்கத்தைத் தகரம் என்று பொய் சொல்லித்தான் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அவள் என்ன திருட்டுச் சொத்தா வைத்திருக்கிறாள்? அவளுக்குக் கோபம் வந்தது. புருஷன்மேல் இல்லை, ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் சாமியிடம் போய் நின்ற தன்மேல்தான்.

“இருபத்தேழு புள்ளி ரெண்டு” என்றாள். “மூணு வாட்டி அளந்துட்டேன். ஒசத்தி மாடல்தான்.”

ஆதித்யா கண்ணை மூடித் திறந்தான். வெங்கடேசன், “நான் சொல்லல?” என்று தொடையில் தட்டினான்.

“ஆனா குடுக்க மாட்டேன்” என்றாள் அவள்.

வெங்கடேசன் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவளைப் பார்த்தான். “இன்னாடி சொல்ற? வாக்கு குடுத்துட்டேன்டி.”

“வாக்கு நீ குடுத்த மாமா. சைக்கிளு என்னுது.”

“உனக்காகத்தானே கேட்டேன்? வண்டி இல்லாமத்தானே இத்த இழுத்துக்கினு கெடக்கற?”

“வண்டி இல்லன்னு ஓட்டல. எனக்குப் புடிச்சிருக்குது, அதான் ஓட்டறேன்.” அவள் அதோடு நிறுத்தவில்லை. “நாளைக்கே நீ ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்தாலும் அது நிக்கும், நான் இத்தத்தான் ஓட்டுவேன். கால் ஓயற வரிக்கும் ஓட்டுவேன். எனக்கு இது வேணும் மாமா.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு பொருளைக் காட்டி எனக்கு வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு ஞானம்பாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஜோதிலட்சுமிக்குத் தெரிந்தது, ஆனாலும் அவள் உள்ளே போகவில்லை.

வெங்கடேசன் சைக்கிளைப் பார்த்தான். தான் பூசின பச்சையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டுக் கம்பியை அவள் கையிலிருந்து வாங்கிப் பழையபடி சொருகி, ஸ்பேனரை எடுத்து முறுக்கினான். முறுக்கி முடித்து, உள்ளங்கையால் சீட்டை அழுத்திப் பார்த்துவிட்டு ஆதித்யாவின் பக்கம் திரும்பினான்.

“தம்பி, இந்த சீட்டு மரக்கட்ட மாதிரி கீது. ஞாயித்துக்கெழம மகாபலிபுரம் போய்ட்டு வந்துட்டு, பொழுது போற வரிக்கும் குந்த முடியாம நின்னுக்கினே வேல செய்யறா. இந்த மாடலுக்கு மெத்துனு ஒண்ணு கெடைக்குமா?”

ஜோதிலட்சுமிக்கு முகம் சுட்டது. வெர்னியரை எண்ணெய்த் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். “ரெண்டு பேரும் நாஸ்தா துன்னுட்டுப் பேசுங்க” என்று சொல்லிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றப் போனாள்.